கமெண்ட்ரி மாமா மலையிறங்கிய கதை

வாயை வைத்துப் பிழைத்தவர்கள் உலகத்தில் ஏராளம் பேர் உண்டு. வாயை வைத்து ஓடியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். போடிநாயக்கனூரில், எங்கள் தெருவில், எனக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். அப்பா அம்மா ஆசையாய் வைத்த பெயர் ஆதார் அட்டையில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு அவர் கமெண்ட்ரி மாமா.

மைக் செட் வாடகைக்கு விடுவது அவர் தொழில். மற்ற மைக் செட்காரர்கள் பாட்டைப் போட்டுவிட்டு ஓரமாய் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார்கள். மாமாவால் அப்படிச் சும்மா இருக்க முடியாது. பந்தியில் எந்த வரிசைக்கு இன்னும் ரசம் வரவில்லை என்று மைக்கில் சொல்வார். மாப்பிள்ளையின் சித்தப்பா இரண்டாவது பந்தியிலும் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் சொல்வார். ஒரு காதுகுத்தில் "குழந்தை அழுகிறது, தாய்மாமன் அதைவிடச் சத்தமாக அழுகிறார்" என்று அறிவித்ததும், அந்தத் தாய்மாமன் கழுத்து மாலையோடு அடிக்க வந்தார். அவர் அடிக்க வருவதையும் மாமா விடாமல் அறிவித்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி இதற்கு நேர்மாறு. பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். பேச்சு குறைவு, விசில் அதிகம். மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. முன்னால் அவர் ஓடுவார், பிள்ளைகள் பின்னால் மூச்சுவாங்கிக்கொண்டு வரும். மாமாவும் வீட்டில் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், வாங்க போங்க என்றுதான் பேசுவார். பயமா மரியாதையா என்று கேட்டதற்கு, "ரெண்டும் ஒரே மளிகைக் கடையிலதான மாப்ளே கெடைக்குது" என்றார். நாங்கள் உறவில்லை. தெருப் பழக்கத்தில் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ளே.

டீச்சருக்கு நாற்பது தாண்டியதும் பார்வை சுருங்கத் தொடங்கியது. முதலில் பொழுது சாய்ந்தால் தெரியவில்லை. அப்புறம் பக்கவாட்டில் வருகிற வண்டி தெரியவில்லை. மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். ஒரு வளையலைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அதன் வழியாகப் பார்ப்பது போலத்தான் இனிப் பார்வை இருக்கும், அந்த வளையலும் வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே வரும், இதற்கு வைத்தியம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மதுரையிலிருந்து போடி வரைக்கும் மாமா ஒரு வார்த்தை பேசவில்லையாம். டீச்சர்தான் பயந்துபோய், காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலையில் டீச்சர் வழக்கம்போல ஓடக் கிளம்பினார். தெருமுனையில் ஒரு எருமை மேல் மோதிக் கீழே விழுந்தார். அதற்கு மறுநாள் மாமா தன்னுடைய மொபெட்டை எடுத்தார்.

அன்றைக்குப் போன என் தூக்கம் இன்னும் திரும்பி வரவில்லை. விடியும் முன்னே தெருவில் மொபெட் சத்தம் கேட்கும், அதற்கு மேலே மாமாவின் குரல் கேட்கும். "டீச்சர், வலப்பக்கம் சாக்கடை மூடி தூக்கிக்கிட்டு நிக்கிது, எடது ஒதுங்குங்க. ம், தாண்டியாச்சு. முன்னால நாயி. படுத்திருக்கு, நல்ல நாயி. எதுத்தாப்புல எட்மாஸ்டர் பனியனோட வர்றாரு, பாக்காத மாதிரி போயிருவோம்." மனைவி ஓட, பக்கத்தில் ஒரு மனுஷன் மொபெட்டில் பேசிக்கொண்டே போவதை ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது. அப்புறம் பழகிவிட்டது. சில பேர் அன்றைய செய்தியை அவர் போகும்போது கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அந்தக் கமெண்ட்ரியில் ஒரு விஷயத்தை நான் கவனித்திருக்கிறேன். மலையைப் பற்றிச் சொல்லும்போது மாமா அளந்துவிடுவார். மேகமே இல்லாத நாளில்கூட, மேகம் இறங்கி வந்து ஏலச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது என்பார். ஆனால் பள்ளம், கல், வேகத்தடை என்று வந்துவிட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வார். அதில் கூட்டியோ குறைத்தோ ஒரு சொல் வராது.

டீச்சருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அவரிடம் படித்த பெண் ஒருத்தி வடக்கே கடலோரப் பெருநகரம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அங்கே வருஷாவருஷம் நடக்கும் பெரிய மாரத்தானின் வீடியோவை அனுப்பியிருந்தாள். கடலை ஒட்டியே பாதை போகிறது. அந்த ஃபோனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு டீச்சர் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். வளையல் முழுக்க மூடுவதற்குள் கடல் பக்கத்தில் ஒரு தடவை ஓடிவிட வேண்டும் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார். டீச்சர் தனக்கென்று எதையும் கேட்கிற ஆளே இல்லை என்பதால் மாமா ஆடிப்போய்விட்டார்.

கேட்டவுடன் நடக்கிற காரியமாக அது இல்லை. அந்தப் பந்தயத்தில் கால் வைக்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் எங்காவது ஒரு முழு மாரத்தானைக் குறித்த நேரத்துக்குள் ஓடிக் காட்டியிருக்க வேண்டும். டீச்சர் அதை மதுரைப் பக்கம் நடந்த ஒரு சின்னப் பந்தயத்தில் சுலபமாய் முடித்துவிட்டார். அங்கே இருந்தவர்கள் மனமிரங்கி மாமாவின் மொபெட்டைக் கூடவே விட்டார்கள். பெரிய பந்தயத்தில் மொபெட் கூடாது. பார்வை குறைந்தவர்களுக்குத் துணைக்கு ஒருவர் ஓடலாம், ஆனால் அந்தத் துணையாளும் ஏற்கெனவே தகுதி நேரத்துக்குள் ஓடியவராக இருக்க வேண்டும். மாமாவின் வயதுக்கு ஐந்து மணி நேரம் கொடுத்திருந்தார்கள். மாமா அதுவரை ஓடியது பஸ்ஸைப் பிடிக்க மட்டும்தான், அதுவும் கண்டக்டர் கையசைத்து நிறுத்தி வைத்திருந்தால்தான்.

வேறு யாரையாவது துணைக்குப் போடலாமே என்று நான்தான் சொன்னேன். பழைய மாணவி ஒருத்தியை வைத்து ஒரு நாள் ஓடியும் பார்த்தார்கள். நல்ல பெண், நன்றாக ஓடுவாள், சரியாகத்தான் வழி சொன்னாள். டீச்சரின் கால் ஒவ்வொரு அடிக்கும் தயங்கித் தயங்கி நின்றது. சரியென்று மாமா கேன்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டு ராசிங்காபுரம் ரோட்டில் இறங்கினார். அங்கே வேறொரு சிக்கல் வந்தது. ஓடினால் அவருக்குப் பேச்சு வரவில்லை, பேசினால் ஓட்டம் வரவில்லை. கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கி வாய் மூடிவிட்டது. முன்னால் ஓடிக்கொண்டிருந்த டீச்சர் அப்படியே நடுரோட்டில் நின்றுவிட்டார். "நீங்க பேசலேன்னா எனக்குத் தரையே இல்லீங்க" என்றார்.

அதன் பிறகு மாமா ஒரு வாரம் ஃபோனும் கையுமாகத் திரிந்தார். எந்த ஊரில் எந்தப் பந்தயம், எது மேடு, எது பள்ளம் என்று அலசினார். கடைசியில் நம் மலையிலேயே ஒன்று அகப்பட்டது. கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தின் உச்சியில் தொடங்கி, எஸ்டேட் மண்பாதைகளில் இறங்கி, போடிமெட்டு வழியாக அடிவாரத்து முந்தலுக்கு வந்து, போடியில் முடிகிறது. முறையாக அளந்த தூரம், அங்கே எடுத்த நேரத்தைப் பெரிய பந்தயத்திலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏறக்குறைய முழுக்க இறக்கம். மாமா என் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பிச் சொன்னார்.

"மாப்ளே, பூமியே நம்மளக் கீழ இழுக்குது. சும்மா அது கூடப் போனாப் போதும். எறக்கத்துல மூச்சு வாங்காது, பேசிக்கிட்டே வந்துறலாம்."

அன்றிலிருந்து பயிற்சி. மலை ஏறுவது மாமாவின் திட்டத்திலேயே கிடையாது. ஏறப்போவதில்லை, பிறகு எதற்கு ஏறிப் பழகவேண்டும் என்பது அவர் வாதம். விடிகாலையில் போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். எட்டுப் பேர் உட்காருகிற ஜீப்பில் பதினைந்து பேர் தூக்குவாளியும் தலைத்துணியுமாக இருப்பார்கள். அதில் ஒரு ஜீப்புக்குப் பேச்சியக்கா தலைவி. முந்தலில் மாமா கையை நீட்டுவார், பேச்சியக்கா ஒரு இழுப்பில் அவரை உள்ளே போட்டுவிடுவார். போடிமெட்டு டீக்கடையில் ஜீப் நிற்கும், மாமா இறங்கிக் கீழே ஓடத் தொடங்குவார். ஜீப் அந்தப் பக்கம் கேரளாவுக்குள் போகும். வாரத்துக்கு மூன்று நாள், ஆறேழு மாதம் இப்படியே நடந்தது. மலையேறும் நேரம் முழுக்க மாமா கமெண்ட்ரி சொல்வதால், ஜீப்பில் பாட்டுப் போடுவதை டிரைவர் நிறுத்திவிட்டார்.

இறக்கம் சுகம் என்று யார் சொன்னார்களோ, அவர்களைப் பிறகு மாமா தேடிக்கொண்டிருந்தார். தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. வீட்டுப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்கினார். கால் நகங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. போகிற வருகிற எல்லோரிடமும் செருப்பைக் கழற்றி நகத்தைக் காட்டுவார். போடிமெட்டு டீக்கடைச் சேட்டன் பாவப்பட்டு, குழம்பு என்று ஏதோ மூலிகைத் தைலம் கொடுத்தார். அதைத் தடவிக்கொண்டு கல்யாண மண்டபத்தில் மைக் போடப் போனால், மணமேடை வரைக்கும் நெடி அடித்தது. ஆனால் ஒரு காரியம் நடந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஓடிக்கொண்டே அவரால் பேச முடிந்தது. அதை எனக்கு ஃபோன் செய்து, ஓடியபடியே நிரூபித்தார்.

இந்த இடத்தில் எங்கள் மலைப்பாதையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டப் பாதையில் ஒருவன் நடந்து போனால், அவனைத் தாண்டி ஜீப் போகாது. யார் எவர் என்று கேட்க மாட்டார்கள். நிறுத்தி, கையை நீட்டி, இழுத்துப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். பனி இருக்கும், மழை இருக்கும், யானை இருக்கும். நடக்கிறவனை விட்டுவிட்டு வந்தால் அந்த ஜீப்பில் இருக்கிற யாருக்கும் அன்று சோறு இறங்காது.

பந்தய நாள் வந்தது. போடியில் முடிவுக் கோட்டில் மைக் செட் யாருடையது என்று கேட்கவே வேண்டாம். சொந்தக்காரர் ஓடப் போய்விட்டதால் அதற்குக் காவல் நான். பக்கத்தில் ஒரு நாற்காலியில், கழுத்தில் விசிலோடு, டீச்சர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மாமா தனியாக ஓடித் தகுதி வாங்கினால் போதும் என்பதால் அவர் ஓடவில்லை. மலை இருக்கிற திசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே நடந்ததை மாமா பிற்பாடு சொன்னார். உச்சியிலிருந்து எஸ்டேட் பாதைகளில் தண்ணீர் மாதிரி இறங்கி வந்திருக்கிறார். நேரம் கையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் போடிமெட்டுக்கு முன்னால் ஒரு ஏற்றம் வந்தது. கொஞ்ச தூரம்தான், ஆனால் ஏற்றம். ஆறேழு மாதமாகப் போடிமெட்டில் இறங்கிப் போடிப் பக்கமே ஓடியவருக்கு, அந்தப் பக்கத்தில் ஒரு ஏற்றம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. கால் இரண்டும் விறைத்துவிட்டன. பனி வேறு மூடிக்கொண்டது. ஒவ்வொரு அடியாக நடந்துகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் பேச்சியக்காவின் ஜீப் வந்தது. அவர்கள் வேலை பார்க்கும் தோட்டத்தில் யானை நிற்கிறது என்று எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பனியில் ஒரு மனுஷன் தள்ளாடி நடக்கிறான், காட்டில் யானை இருக்கிறது. ஜீப் நின்றது. பேச்சியக்காவின் கை வெளியே நீண்டது. மாமாவின் கையும் நீண்டது. அது யோசித்து நீட்டியதில்லை, அந்தக் கைக்கு அந்தக் கை பழகியிருந்தது. வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார், வழக்கம்போல யானையைப் பற்றி விசாரித்தார், பேசிக்கொண்டே வந்தார். போடிமெட்டு டீக்கடையில் ஜீப் நின்றது. வழக்கம்போல இறங்கினார், வழக்கம்போல ஓடத் தொடங்கினார். நாலைந்து வளைவு தாண்டியும் தொடை வலிக்கவில்லையே, மூச்சு இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்ட பிறகுதான், ஏன் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது.

எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. தூரத்தில் மாமா தெரிந்ததும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் தாராளமாக மிச்சமிருந்தது. "டீச்சர், வந்துட்டாரு" என்று கத்தினேன். டீச்சர் எழுந்து நின்று விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கக்கூட இல்லை. மாமா கோட்டைத் தாண்டினார். கை தட்டினார்கள். மெடலை மாட்ட வந்த பையனின் கையை விலக்கிவிட்டு, நேரே டீச்சரிடம் போய்க் காதில் என்னமோ சொன்னார். டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். பிறகு மைக் இருக்கிற பக்கம் கையைக் காட்டினார்.

மாமா என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். இருபது வருஷக் கல்யாண வீட்டுக் குரல் அப்படியே வந்தது.

"பொதுமக்களின் அன்பான கவனத்திற்கு. சற்று முன் வந்து சேர்ந்த ஓட்டக்காரர், போடிமெட்டுக்கு முந்தைய ஏற்றத்தில் ஜீப்பில் ஏறி வந்தவர் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். தெரிந்து ஏறவில்லை, பழக்கத்தில் ஏறிவிட்டார். ஏற்றிவிட்ட தாய்மார்கள் மேல் எந்தக் குற்றமும் கிடையாது. ஆகவே, அவருடைய நேரத்தை நீக்கிவிடுமாறு விழாக் குழுவினரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். நன்றி, வணக்கம்."

கூட்டத்தில் முதலில் சிரித்தார்கள். விழாக் குழுவில் இருந்த இளைஞர்கள் ஓடிவந்து, கொஞ்ச தூரம்தானே, யாருக்கும் தெரியாதே, விட்டுவிடலாமே என்று மன்றாடினார்கள். மாமா கேட்கவில்லை. எனக்குக் கோபம் தாங்கவில்லை. அடுத்த வருஷம் வரைக்கும் அந்த வளையல் காத்திருக்குமா என்று கேட்டேவிட்டேன். மாமா மைக்கை அணைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். அவர் மைக்கை அணைத்துவிட்டுப் பேசி நான் அன்றுதான் பார்த்தேன்.

"மாப்ளே, நான் அவுகளுக்குக் கண்ணாப் போறேன். ஓடாத தூரத்த ஓடுனேன்னு சொல்லிட்டா, அப்பறம் பள்ளம் இல்ல, கால வைங்கன்னு நான் சொன்னா டீச்சர் எத நம்பி வப்பாங்க?"

டீச்சர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க, வீட்டுக்குப் போவோம். நகம் எத்தன பாக்கி இருக்குன்னு பாக்கணும்" என்றார்.

அந்த ஒரு வருஷம் மெதுவாகப் போனது. வளையல் இன்னும் சிறுத்தது. டீச்சர் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளரைத் தடவித் தேடுவதை நானே பார்த்தேன். மாமா இப்போது டீக்கடையில் இறங்கவில்லை. ஜீப்போடு கேரளப் பக்கம் போய், அந்த ஏற்றத்தின் அடியில் இறங்கி, மேலே ஏறி, பிறகு கீழே ஓடினார். ஏற்றத்தில் பேச்சு நின்றுவிடும், ஒன்றிரண்டு சொல்லாவது சொல்லிப் பார்ப்பார். "கல்லு" என்பார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு "எடது" என்பார். பாதையில் அவரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்த பந்தயத்தன்று பேச்சியக்காவின் ஜீப் வேலைக்குப் போகவில்லை. எல்லோரும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, காலையிலேயே அந்த ஏற்றத்தில் போய் நின்றுவிட்டார்கள். வருகிற ஜீப்பெல்லாம் மாமாவைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும். பேச்சியக்கா நடுவில் போய் நின்று, ஏற்றக் கூடாது, போய்க்கிட்டே இரு என்று விரட்டுவார். ஒரு மலையாளி டிரைவர், இதென்ன மனுஷத்தன்மை இல்லாத ஊர் என்று சண்டைக்கே வந்துவிட்டாராம். மாமா பக்கத்தில் வந்ததும் பேச்சியக்காவும் மற்றப் பெண்களும் ஜீப்பில் ஏறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பாறையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் அப்படி என்று பிறகு பேச்சியக்காவிடம் கேட்டேன்.

"அந்த மனுசன் மொகத்தப் பாத்தா கை தானா நீண்டுரும் தம்பி. அதான் பாக்கல. நான் சேலைய வாயில திணிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

மாமா அந்த ஏற்றத்தை ஏறினார். போடியில் கோட்டைத் தொடும்போது நேரம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது, ஆனால் இருந்தது. மெடலை வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தவர், ஊரே போதும் போதும் என்கிறவரைக்கும் விடவில்லை.

அந்த நகரத்துப் பந்தயத்துக்கு இரண்டு பேரும் ரயிலேறிப் போனார்கள். கையோடு கையைச் சேர்த்து ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு, முழுத் தூரமும் ஓடி முடித்தார்கள். மதியத்துக்கு மேல் ஃபோன் வந்தது. மாமாதான் பேசுவார் என்று ஃபோனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன். டீச்சர் பேசினார். மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம், குரலே வெளியே வரவில்லையாம், வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கிறாராம்.

கடல் எப்படி இருந்தது டீச்சர் என்று கேட்டேன். உள்ளூர எனக்குப் பயமாக இருந்தது. அவர் கண்ணில் அப்போது எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியும்.

"என் கண்ணுக்குக் கொஞ்சூண்டுதான் தெரிஞ்சுச்சு தம்பி. அவரு சொன்ன கடல் ரொம்பப் பெருசு" என்றார் டீச்சர். "நான் அவரு சொன்னதையே வச்சுக்கிட்டேன்."

அவர்கள் ஊர் திரும்ப இன்னும் மூன்று நாள் ஆகும் என்றார். தெரு அத்தனை நாளும் அமைதியாக இருக்கும், நிம்மதியாகத் தூங்கலாம். எனக்கென்னவோ தூக்கம் வரவில்லை.